வால் மட்டும் பாக்கி

முதல் மூன்று இரவும்
அது ஒரு காகிதச் சத்தம் மட்டுமே.
யாரோ என் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து
பொறுமையாகக் கடிதம் பிரிப்பதுபோல.
நான்காம் நாள் எடுத்துப் பார்த்தால்
வாடகை ஒப்பந்தத்தின் ஓரமெல்லாம் பல்.
“செல்லப் பிராணிகள் வளர்க்கக் கூடாது” என்ற
ஏழாம் ஷரத்தில் பாதியைக் காணோம்.

எலி வளையானாலும் தனி வளை என்று
ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டி
சூளைமேட்டில் பிடித்த ஒற்றை அறை.
மூன்றாவது மாடி.
முன்பிருந்தவர் ஏசியைக் கழற்றிக்கொண்டு
அதன் ஓட்டையை எனக்கு விட்டுப் போயிருந்தார்.
அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில் அட்டை விற்றவர் சொன்னார்:
“ரத்தம் இல்லம்மா, வாடை இல்ல.
ஒட்டிக்கும், அவ்ளோதான்.
காலைல அப்டியே மடிச்சு குப்பைல போட்டுடு.”
ஒன்று முப்பது. இரண்டாக எடுத்தால் ஐம்பது.
இரண்டாக எடுத்தேன்.

இன்று இரவு இரண்டு பத்துக்கு
காகிதச் சத்தம் இல்லை.
அதனால்தான் விழித்தேன்.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
பெருச்சாளி அளவுக்கு மனதில் வளர்த்து வைத்திருந்தேன்.
கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சுண்டெலி.
நான்கு காலும் ஒட்டி
வால் ஒட்டி
ஒரு கன்னமும் ஒட்டி
மேலே தெரிந்த ஒற்றைக் கண் என் பக்கம்.
கத்தவில்லை.
விலா மட்டும்
தையல் மெஷின் ஊசி வேகத்தில்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு வேலை அண்ணா சாலையில், ஏழாவது மாடியில்.
தவணை தவறியவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது.
அங்கே என் பெயர் திவ்யா.
பக்கத்து நாற்காலிக்காரியும் திவ்யாதான்.
மாலை கடைசி அழைப்பில்
அரக்கோணம் தனபாக்கியம் போனை எடுத்தார்,
பேசவில்லை.
மூச்சு மட்டும் வந்தது
நாற்பத்தொரு விநாடி.
“பதில் இல்லை” என்று திரையில் குறித்துவிட்டு
பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெர்சிஸுக்குக் கீழ்ப்பாக்கத்தில் நைட் டூட்டி.
உடனே பதில் அனுப்பினாள்:
எண்ணெய் ஊத்துடி.
பிளாஸ்டரே அப்படித்தான் பிரிப்போம்.
பிறகு இன்னொன்று: உனக்குப் பைத்தியமா.

தலைக்குத் தேய்க்கும் நீல டப்பா,
காது குடையும் பஞ்சுக் குச்சி,
கைக்கு இரண்டு காய்கறிப் பை.
முதலில் கன்னம்.
பிறகு வலது முன்னங்கால்.
கால் என்பது பெரிய சொல்;
விரல்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு நொய்க்கு ஆகாது.
விடுபட்ட கால் அவசரப்பட்டு
மறுபடி பசையிலேயே ஊன்றியது.
மறுபடி எண்ணெய்.
“இரு, இரு” என்றேன்.
யாரிடமும் நான் அவகாசம் கேட்டதில்லை,
கேட்பவர்களுக்குக் கொடுத்ததும் இல்லை.
அது பையைக் கடித்தது.
கடிக்கட்டும்.

மூன்றரைக்கு வால் மட்டும் பாக்கி.

டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுபோய்
ரயில் பாதைச் சுவரோரம் விடுவதாக
ஒரு திட்டம் வைத்திருந்தேன்.
வால் பிரிந்த கணம்
என் முழங்கை மேல் ஏறி
மடியில் குதித்து
அது ஓடியது.
ஓட்டைக்கு அல்ல.
கட்டிலுக்கடியில்.

சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில்
தனியாகச் சிரித்தால் எப்படிக் கேட்கும் என்பது
இன்றுதான் தெரிந்தது.

விளக்கணைத்துப் படுத்தேன்.
தெருவில் பால் வண்டி டிரேக்களை இறக்கிப் போட்டது.
அறை முழுக்கத் தேங்காயெண்ணெய்,
எண்ணெய்க் குளியலுக்குக் காத்திருக்கும் வீடு மாதிரி.
பிரிக்காத இரண்டாவது அட்டை
அலமாரி மேல்.

கீழே மெல்லத் தொடங்கியது காகிதம்.
“வணக்கம்” என்று இருட்டில் ஆரம்பித்தேன், பழக்கதோஷம்,
“நான் நவமணி பேசறேன்.”

சத்தம் நின்றது.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு எட்டாம் ஷரத்தைப் பிரித்தது.